செத்த கார்ட்ரிட்ஜை என்ன செய்வது?

இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. நிறுத்தால் சில கிராம் வரும். ரெக்கார்டு பிளேயரின் கை நுனியில் ஊசியைத் தாங்கி நிற்கும் கார்ட்ரிட்ஜைத்தான் சொல்கிறேன். எல்லாக் கார்ட்ரிட்ஜ்களையும் பற்றிப் பேசப்போவதில்லை. ஒரு நிறுவனம் தன் இயந்திரத்துக்கு மட்டுமே பொருந்தும்படி செய்து, பிறகு தயாரிப்பையே நிறுத்திவிட்ட கார்ட்ரிட்ஜ்கள்தான் இன்றைய பேச்சு. அவற்றிலும் டென்மார்க்கின் பாங் அண்ட் ஓலுஃப்சன் நிறுவனம் தன் பியோகிராம் டர்ன்டேபிள்களுக்காகச் செய்த எம்.எம்.சி. வரிசையையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். ஐம்பது வயதான பியோகிராம்கள் உலகெங்கும் வீடுகளில் இருக்கின்றன. அவற்றோடு, தேய்ந்துபோன கார்ட்ரிட்ஜ் ஒன்றிரண்டு மேசை இழுப்பறையில் கிடக்கும். சிலரிடம் உறை பிரிக்காத புதியது ஒன்றும் இருக்கும். தேய்ந்ததைக் குப்பையில் போடுவதும் புதியதைப் பூட்டி வைப்பதும் வழக்கமாக இருக்கிறது. இரண்டுமே தவறான முடிவு என்பது என் வாதம். தேய்ந்தது பழுதுபார்ப்பவரின் மேசைக்குப் போகவேண்டும். புதியது சுழலும் தட்டின் மேல் இருக்கவேண்டும். ஏன் அப்படி என்பதற்கு இந்தப் பொருளின் உள்ளமைப்பிலேயே காரணம் இருக்கிறது.

எல்.பி. ரெக்கார்டின் பள்ளத்தில் ஒரு வைரமுனை ஓடுகிறது. பள்ளத்துச் சுவரின் நெளிவுக்கேற்ப அது அதிர்கிறது. அந்த முனை ஒட்டப்பட்டிருக்கும் நுண்ணிய தண்டை கான்டிலீவர் என்பார்கள். அதன் மறுமுனையை ஒரு துளி ரப்பர் பிடித்துக்கொண்டிருக்கும். பெரும்பாலான கார்ட்ரிட்ஜ்களில் அந்த மறுமுனையில் ஒரு காந்தம் ஆடும். சுற்றிலும் உள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும். பாங் அண்ட் ஓலுஃப்சன் வேறு வழியில் போனது. காந்தத்தையும் சுருள்களையும் அசையாமல் நிறுத்திவிட்டு, நடுவே மெல்லிய இரும்பால் ஒரு சிலுவையைச் செய்து அதை மட்டும் அசையவிட்டது. சிலுவையின் நான்கு கைகளுக்கும் எதிரே நான்கு சுருள்கள் இருக்கும். எம்.எம்.சி. என்ற பெயரே அசையும் அந்த நுண்சிலுவையிலிருந்து வந்ததுதான். அசையவேண்டிய எடை இதனால் மிகவும் குறைந்தது. எடை குறைந்தால் முனை பள்ளத்தின் நெளிவை விரைவாகப் பின்தொடரும். கையும் குறைவாக அழுத்தினால் போதும். ஒரு கிராம் அளவு அழுத்தத்தில் இந்தக் கார்ட்ரிட்ஜ்கள் ஓடின. நல்ல பொறியியல் என்று தயங்காமல் சொல்லலாம். தனக்கே உரிய பொருத்துமுறை என்றவுடன் வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் வியாபாரத் தந்திரம் என்று முத்திரை குத்திவிடுவது நம்மிடம் ஒரு வழக்கமாகிவிட்டது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

பீட்டர் பாங், ஸ்வென் ஓலுஃப்சன் என்ற இருவர் 1925-இல் ஸ்ட்ரூவர் என்ற டேனிய ஊரில் தொடங்கிய நிறுவனம் இது. வானொலிப் பெட்டிகளில் தொடங்கி, 1950களின் இறுதியில் ஸ்டீரியோ வந்தபோது சொந்தமாகக் கார்ட்ரிட்ஜ் செய்யும் அளவுக்கு வளர்ந்திருந்தது. 1972-இல் ஜேக்கப் ஜென்சன் வடிவமைத்த பியோகிராம் 4000 வெளிவந்தது. அதன் கை தட்டின் விளிம்பிலிருந்து நடுப்பகுதியை நோக்கி நேர்கோட்டில் நகரும். ரெக்கார்டை வெட்டும் இயந்திரமும் அப்படித்தான் நகர்கிறது. அதனால் வெட்டிய கோணத்திலேயே ஊசியும் படிக்கிறது. பக்கத்தில் இன்னொரு கையும் உண்டு. தட்டில் ரெக்கார்டு இருக்கிறதா, என்ன அளவு என்று ஒளியை வைத்துப் பார்ப்பது அதன் வேலை. ரெக்கார்டு இல்லையென்றால் ஊசி கீழே இறங்காது. கை, கார்ட்ரிட்ஜ், மின்னணுக் கட்டுப்பாடு எல்லாம் ஒரே உடலாக எண்ணிச் செய்யப்பட்ட இயந்திரம் அது. கார்ட்ரிட்ஜை மாட்டுவதற்குத் திருப்புளி வேண்டாம், கோண அளவி வேண்டாம். செருகினால் போதும், அழுத்த எடையை மட்டும் சரிபார்த்தால் பாடத் தொடங்கிவிடும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1978-இல் ஜென்சனின் வடிவமைப்புகளை மட்டும் வைத்துத் தனிக் கண்காட்சி நடத்தியது. இத்தனை பெருமைக்கும் கொடுத்த விலை ஒன்று உண்டு. அரை அங்குல இடைவெளியில் இரண்டு திருகு போட்டு உலகம் முழுவதும் மாட்டுகிற சாதாரணக் கார்ட்ரிட்ஜ் இந்தக் கையில் ஏறாது. இடமும் பொருந்தாது, எடையும் பொருந்தாது.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதவு ஒருபுறம் மட்டும் திறக்கும். எம்.எம்.சி. கார்ட்ரிட்ஜை வேறு கம்பெனிகளின் கையில் மாட்டிக்கொள்ள ஓர் இடைத்துண்டை பாங் அண்ட் ஓலுஃப்சனே விற்றது. வெளியே போக வழி இருந்தது. வெளியார் உள்ளே வரத்தான் வழி இல்லை. இன்னொன்றும் நடந்தது. 1970களின் எம்.எம்.சி. 4000, 6000, அவற்றுக்குப் பின் வந்த எம்.எம்.சி. 20 வரிசை ஆகியவை ஒரு பொருத்துமுறை. 1980களின் தொடக்கத்தில் வந்த எம்.எம்.சி. 1 முதல் 5 வரையிலானவை இன்னும் சிறியவை, எடை குறைந்தவை, முற்றிலும் வேறு பொருத்துமுறை. 1980-இல் வந்த பியோகிராம் 8000-க்குச் செருகுவது சில ஆண்டுகளில் அதே அச்சில் வந்த 8002-க்குச் செருகாது. சொந்த வாடிக்கையாளரின் இழுப்பறையிலேயே இரண்டு சாதி உண்டாகிவிட்டது. அதே காலத்தில் ஜப்பானில் என்ன நடந்தது என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். டெக்னிக்ஸ் நிறுவனமும் செருகு கார்ட்ரிட்ஜ் ஒன்றை உருவாக்கியது. ரெக்கார்டு உறை அளவே உள்ள எஸ்.எல். 10 டர்ன்டேபிளோடு 1979-ஐ ஒட்டி வந்தது அது. ஆனால் அதன் அளவு, 6 கிராம் எடை, 1.25 கிராம் அழுத்தம் எல்லாவற்றையும் ஒரு பொதுத் தரமாக்கி மற்றவர்களும் செய்ய விட்டுவிட்டது. ஷூர், ஆர்டோஃபோன், ஆடியோ-டெக்னிகா எல்லாரும் செய்தார்கள். அந்த டர்ன்டேபிள் வைத்திருப்பவருக்குப் பல கம்பெனிகளின் கார்ட்ரிட்ஜ்கள் வாய்த்தன. டெக்னிக்ஸின் தயவை மட்டும் நம்பி அவர் இருக்கவேண்டியிருக்கவில்லை. செருகி மாட்டும் வசதிக்காகக் கதவைச் சாத்தவேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

சாத்திய கதவைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. சாதாரணமாகக் காந்தம் அசையும் கார்ட்ரிட்ஜில் ஊசிப் பகுதி தனியே கழலும். ஊசி தேய்ந்தால் அதை மட்டும் பிடுங்கிவிட்டு வேறொன்று செருகலாம். அதே டென்மார்க்கின் ஆர்டோஃபோன் நிறுவனம் 1980களில் கொண்டுவந்த ஓ.எம். வரிசைக்கு இன்றும் ஊசி வாங்க முடிகிறது. கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை ஷூர் 2018-இல் கைவிட்டது. ஆனாலும் ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் இருக்கும் ஜிகோ என்ற ஊசிக் கம்பெனி ஷூரின் பழைய உடல்களுக்குப் புது ஊசி செய்துகொண்டிருக்கிறது. எம்.எம்.சி.-யில் இது நடக்காது. ஊசி, தண்டு, சிலுவை, ரப்பர், சுருள் எல்லாம் ஒரே கூட்டுக்குள் மூடப்பட்டவை. வைரமுனை தேய்ந்தால் முழுக் கார்ட்ரிட்ஜையும் மாற்றவேண்டும் என்பதுதான் வடிவமைப்பின் கணக்கு. கம்பெனி செய்துகொண்டிருந்தவரை அது கணக்காகவே இருந்தது. 1990களின் நடுவில் டர்ன்டேபிள் தயாரிப்பு நின்றது, கார்ட்ரிட்ஜும் நின்றது. இருக்கும் ஒவ்வொரு எம்.எம்.சி.-யும் அன்றுமுதல் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே போகும் பொருளாகிவிட்டது.

எப்படிக் குறைகிறது? மூன்று வழிகள் உண்டு, மூன்றும் ஒன்றுபோல இல்லை. முதலாவது, வைரத்தின் தேய்வு. ஒரு கிராம் அழுத்தம் கேட்பதற்குச் சிறியது. ஆனால் அதைத் தாங்கும் பரப்பு மைக்ரான் கணக்கில் இருப்பதால், சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தமாக அது மாறுகிறது. இருபது நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில் பள்ளத்தின் நீளம் நானூறு மீட்டரைத் தாண்டும். ஆயிரம் மணி நேரம் பாடினால் முனை ஓடிய தூரம் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பும் தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. வைரம் அதற்குள் தட்டையாகிவிடும். தட்டையான விளிம்பு பள்ளத்தைப் படிப்பதை விட்டுச் சீவத் தொடங்கிவிடும். இரண்டாவது, ரப்பரின் முதுமை. அது இறுகும், அல்லது தளர்ந்து தண்டு தொங்கும்; பாடினாலும் பாடாவிட்டாலும் இது நடக்கும். மூன்றாவது, தலைமயிரைவிட மெல்லிய சுருள் கம்பி அறுவது. வைரம் தேய்ந்தது ஒரு பழுது, அதைச் சரிசெய்யலாம். ரப்பர் போனால் கடினம், ஆனாலும் வழி உண்டு. கம்பி அறுந்ததுதான் உண்மையான சாவு. இழுப்பறையில் 'செத்தது' என்று ஒதுக்கிவைக்கப்பட்டவற்றில் பல முதல் வகையைச் சேர்ந்தவையாகவே இருக்கும் என்று நம்பக் காரணம் இருக்கிறது. கம்பி அறுந்தே தீரவேண்டும் என்பதில்லை. பாடப் பாட வைரம் தேய்வதோ தவறாமல் நடப்பது.

ஆக, தேய்ந்த கார்ட்ரிட்ஜில் பயனற்றுப்போனது மில்லிகிராமுக்கும் குறைவான ஒரு வைரத்துணுக்கு. மற்ற எல்லாம் இருக்கின்றன: சுருள்கள், துருவ முனைகள், அச்சு வார்த்த கூடு, மின் தொடுமுனைகள். வைரத்துணுக்கு இன்றும் தயாராகிறது. எந்தக் கம்பெனியின் கார்ட்ரிட்ஜுக்கும் ஒட்டலாம். எம்.எம்.சி. கூட்டை வார்த்த அச்சைத்தான் எங்கே போய்த் தேடுவது? மதிப்பு எதில் இருக்கிறது என்பது இங்கே தலைகீழாகிவிடுகிறது. வாங்கிய அன்று விலை வைரத்துக்கு. இன்று அருமை பிளாஸ்டிக் கூட்டுக்கு. இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் எக்ஸ்பர்ட் ஸ்டைலஸ் என்ற நிறுவனம் பல்லாண்டுகளாகத் தேய்ந்த ஊசிகளுக்குப் புது முனை ஒட்டித் தருகிறது. நியூயார்க் மாநிலத்தின் பீக்ஸ்கில் ஊரில் பீட்டர் லெடர்மன் நடத்தும் சவுண்ட்ஸ்மித் பட்டறை இன்னும் ஒருபடி மேலே போய், எம்.எம்.சி.-யின் இரு பொருத்துமுறைகளுக்கும் ஏற்ற புதுக் கார்ட்ரிட்ஜ்களையே செய்கிறது. அதே இரும்பு அசையும் முறையைக் கொண்டு, எந்தக் கையிலும் மாட்டக்கூடிய தனி வரிசை ஒன்றையும் அந்தப் பட்டறை உருவாக்கியது. கதவைச் சாத்திக்கொண்ட வடிவமைப்பிலிருந்து திறந்த வீட்டுப் பிள்ளை பிறந்த கதை இது. பழைய உடல்களைத் திறந்து பார்த்து வேலை செய்தவர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது.

அடுத்து, பூட்டி வைத்திருப்பவர்களின் பக்கம். உறை பிரிக்காத எம்.எம்.சி. 20 சி.எல். ஒன்று கிடைத்துவிட்டால் அதைத் தொடாமல் வைத்திருப்பதே பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். சந்தையும் அப்படித்தான் எண்ணுகிறது. பிரிக்காத உறைக்குத் தனி விலை வைக்கிறது. கார்ட்ரிட்ஜைப் பற்றிய எந்த உண்மையும் இந்த விலைக்கு ஆதரவாக இல்லை. வைரம் பெட்டிக்குள் தேயாது, சரி. ரப்பர் பெட்டிக்குள்ளும் முதுமை அடைகிறது. நாற்பது ஆண்டு பெட்டியில் இருந்தது நாற்பது வயது ரப்பரோடுதான் வெளியே வரும். 'புதியது' என்று பெரும் விலை கொடுத்து வாங்குபவர் கூர்மையான வைரத்தையும் கிழட்டு ரப்பரையும் சேர்த்தே வாங்குகிறார். ரப்பர் இன்னும் உயிரோடு இருக்கும் நாட்களில் அதைப் பாட வைத்தால் அதற்காகச் செய்யப்பட்ட ஒலி ஒருவருக்காவது கிடைக்கும். காத்திருந்தால் யாருக்கும் கிடைக்காது. இது தானியத்தைச் சேமிப்பது போன்ற காரியம் அல்ல என்பதை விற்பவர்கள் சொல்லமாட்டார்கள்; வாங்குபவர்களாவது தெரிந்திருக்கவேண்டும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு கனமானது. முனையை மாற்றினால், தண்டை மாற்றினால், அது பழைய எம்.எம்.சி.-யா? எம்.எம்.சி. 6000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் நான்கு ஒலிபெருக்கிகளுக்காக வந்த சி.டி.-4 ரெக்கார்டுகளைப் படிக்கச் செய்தது அது. காதுக்குக் கேட்காத 30 கிலோஹெர்ட்ஸ் அலையின் மேல் ஏற்றிவைத்த ஒலியை அந்த ஊசி படித்தாகவேண்டும். அதற்கென ஒரு தனி வைர வடிவம் வகுக்கப்பட்டது. வகுத்த பொறியாளரின் பெயரால் அதைப் பிரமாணிக் முனை என்றே சொல்கிறார்கள். அந்த வடிவத்தை விட்டுவிட்டுக் கையில் கிடைத்த நீள்வட்ட முனையை ஒட்டினால் அந்தக் கார்ட்ரிட்ஜின் தனித்தன்மை போய்விடும் என்பது உண்மை. தண்டின் எடை மாறினால் அதிர்வு மாறும். ரப்பரின் நெகிழ்வு மாறினால் கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து ஆடும் தாழ்ந்த அதிர்வெண்ணும் இடம் மாறும். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மறுப்பு ஒன்றை மறைமுகமாக எடுத்துக்கொள்கிறது: தொடாமல் விட்டால் பழைய ஒலி அப்படியே இருக்கும் என்பதை. அது அங்கே இல்லை. பல உயர்வகைக் கார்ட்ரிட்ஜ்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அளந்த அட்டை ஒன்றை நிறுவனம் வைத்து அனுப்பியது. அந்த அட்டை காட்டும் கார்ட்ரிட்ஜ் இன்று உலகில் எங்கும் இல்லை. காலம் எழுதிய மாற்றம் ஒன்று ஏற்கெனவே நடந்துவிட்டது. அதற்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. தேர்ந்த கை செய்யும் மாற்றத்துக்காவது என்ன செய்தோம் என்று எழுதி வைக்க முடியும். பிரமாணிக் முனைக்கு நெருக்கமான, கோடுபோல் தொடும் முனைகளும் இன்று கிடைக்கின்றன. கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

செலவைப் பற்றிய மறுப்பு எளியது, ஆனால் அடிக்கடி கேட்பது. பழைய கார்ட்ரிட்ஜைச் சீர்செய்யும் பணத்தில் ஒரு புது டர்ன்டேபிளே வாங்கிவிடலாமே என்பார்கள். வாங்கலாம். ரெக்கார்டு கேட்பது மட்டுமே நோக்கம் என்றால் அதுதான் புத்திசாலித்தனம். அவர்களிடம் எனக்கு வாதம் இல்லை. அப்படி வாங்குபவர் பழைய பியோகிராமையும் அதன் கார்ட்ரிட்ஜையும் என்ன செய்கிறார் என்பதுதான் என் கேள்வி. கார்ட்ரிட்ஜ் இல்லாத பியோகிராமை யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. சோதிக்க முடியாததை யாரும் சீர்செய்யமாட்டார்கள். கடைசியில் அலுமினியத்தின் விலைக்குப் போகும். 2020-இல் தன் 95-ஆம் ஆண்டை ஒட்டி, பழைய 4000 வரிசை இயந்திரங்களை வாங்கிச் சீர்செய்து 95 எண்ணிக்கை மட்டும் பாங் அண்ட் ஓலுஃப்சன் விற்றது. ஒன்றின் விலை பத்தாயிரம் யூரோ. விளம்பரத்துக்காகச் செய்தது என்று சொல்லிவிடலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனாலும் அரை நூற்றாண்டு கழித்து அந்த மோட்டாரும் தாங்கியும் கையும் சீர்செய்யத் தகுந்த நிலையில் இருந்தன என்பது அதில் தெரிகிறது. இயந்திரம் தாக்குப்பிடிக்கிறது, தாக்குப்பிடிக்காதது இந்தச் சின்ன உறுப்புதான். கையையே வெட்டித் திருத்திச் சாதாரணக் கார்ட்ரிட்ஜை மாட்டிவிடலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எடை குறைந்த கார்ட்ரிட்ஜுக்காகக் கணக்கிட்ட சமநிலையில் கனமான ஒன்றைத் தொங்கவிட்டால் தானியங்கி இறக்கமும் அழுத்தமும் குழம்பும். திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியாது. திரும்ப முடியாத வழியை, வேறு வழி இருக்கும்போது தேர்வதற்கு நியாயம் தெரியவில்லை.

அருங்காட்சியகத்தார் எழுப்பும் மறுப்புக்கு நான் பாதிவழி இணங்குகிறேன். எல்லாவற்றையும் பாடவைத்துத் தேய்த்துவிட்டால் நாளை ஆராய்பவருக்கு மாதிரி எங்கே? நியாயம். ஒவ்வொரு வகையிலும் அளவு அட்டையோடு, உறையோடு, தொடாத மாதிரி ஒன்றிரண்டு ஸ்ட்ரூவர் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இருக்கட்டும். அங்கே அது பதிவுபெறும், யாரும் போய்ப் பார்க்கலாம். தனியார் அலமாரியில் கிடக்கும் பிரிக்காத உறை மாதிரி ஆகாது; அது உரிமையாளரின் மனநிறைவு மட்டுமே. தன்னிடம் உள்ளது உண்மையிலேயே அரிய மாதிரி என்று நம்புபவர் அதை அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்கட்டும். அவர்கள் வேண்டாம் என்றால் பாடவைக்கத் தடை ஒன்றும் இல்லை.

இனி, அபாயத்தைப் பற்றிய மறுப்பு. மோசமான கையில் கொடுத்தால் இருந்ததும் போகும் என்று அஞ்சுபவர்கள் தவறாக அஞ்சவில்லை. எம்.எம்.சி. கூடு திறப்பதற்காகச் செய்யப்படவில்லை. ரப்பரை மாற்றுவது முனை ஒட்டுவதைவிடப் பலமடங்கு கடினம். அதனால் முடிவெடுக்கும் முன் என்ன பழுது என்று தெரிந்துகொள்ளவேண்டும். குறைந்த மின்னோட்டம் விடும் டிஜிட்டல் மீட்டரால் இடது வலது சுருள்களின் மின்தடையை அளந்தால், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்று முடிவிலி காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. பழைய முள் மீட்டர்களால் அளக்கக்கூடாது. அவை விடும் மின்னோட்டமே சுருளைக் கெடுக்கக்கூடும். அடுத்து நுண்ணோக்கியில் முனையைப் பார்க்கவேண்டும்; இருபுறமும் ஒளி படும் தட்டைப் பரப்பு தெரிந்தால் தேய்வு உறுதி. தண்டு ஒருபக்கம் சாய்ந்திருந்தாலோ, கூட்டின் அடிவயிறு ரெக்கார்டைத் தொடும் அளவு தொய்ந்திருந்தாலோ ரப்பர் போய்விட்டது. சுருள் நன்றாக இருந்து முனை மட்டும் தேய்ந்திருந்தால் தயங்க ஒன்றுமில்லை. முனை ஒட்டக் கொடுங்கள். ரப்பரும் போயிருந்தால், அந்த வகையில் முன்பே வேலை செய்தவரிடம் மட்டும் கொடுங்கள். இல்லையேல் புதிதாகச் செய்த மாற்றுக் கார்ட்ரிட்ஜை வாங்கிக்கொண்டு பழையதை எடுத்து வையுங்கள். தண்டு பெரிலியத்தால் ஆனது என்றால் ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். 1970, 80களின் உயர்தரக் கார்ட்ரிட்ஜ்கள் சிலவற்றில் அந்த உலோகம் உண்டு. ஷூரின் வி-15 ஐந்தாம் வகை இதற்குப் பெயர்போனது. எடை குறைவு, விறைப்பு அதிகம் என்பதால் விரும்பப்பட்டது. அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. வீட்டில் அரத்தையும் பசையையும் வைத்து அதில் விளையாடக்கூடாது.

நம் ஊர்க்காரர்கள் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுத் தங்கள் பழைய எச்.எம்.வி. பெட்டியைத் தேடி எடுக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. எளிய பெட்டிகளில் வந்த படிகக் கார்ட்ரிட்ஜ்களுக்கு நான் சொன்ன எதுவும் பொருந்தாது. அவற்றில் பலவற்றின் உயிர் ரோஷல் உப்பு என்ற படிகம். ஈரத்தில் கரையும், வெயிலில் கெடும். கடற்கரை ஊர்களில் அது செத்துப்போவதில் வியப்பில்லை. அந்த உப்பு கரைந்தபின் கூட்டைக் காப்பாற்றி என்ன பயன்? நல்ல வேளையாக அவற்றுக்கு மாற்றாகப் பீங்கான் வகைகள் கிடைக்கின்றன, பொருத்துவதும் எளிது.

கடைசி மறுப்பு தொலைநோக்குள்ளவர்களிடமிருந்து வருகிறது. ஒரு கம்பெனியை நம்பி ஏமாந்தோம். இப்போது ஓரிரு பட்டறைகளை நம்பச் சொல்கிறீர்கள். அவர்கள் கடையைச் சாத்தினால்? சாத்துவார்கள், ஒருநாள். சட்டம் துணைக்கு வருமா என்றால், ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் சலவை இயந்திரம் போன்றவற்றுக்குக் குறிப்பிட்ட ஆண்டுகள் உதிரிபாகம் கிடைக்கவேண்டும் என்று விதித்திருக்கிறது. 2024-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு கட்டளையும் வந்தது. அவை எல்லாம் இனி விற்பவற்றுக்கு. 1975-இல் விற்றதற்கு யாரும் எதையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் தடையும் எதுவும் இல்லை. அந்தக் காலத்துக் காப்புரிமைகள் எல்லாம் காலாவதியாகிவிட்டன. யார் வேண்டுமானாலும் எம்.எம்.சி.-க்குப் பொருந்தும் கார்ட்ரிட்ஜ் செய்யலாம். அடுத்து வருபவருக்குத் தேவைப்படுவது அனுமதி அல்ல, அளவுகள்: கூட்டின் வெளிவடிவம், தொடுமுனைகளின் இடம், முனை எந்த உயரத்தில் எந்தக் கோணத்தில் நிற்கவேண்டும் என்பது. அந்த அளவுகள் இன்று முழுமையாக இருப்பது பழைய உடல்களில்தான். கம்பி அறுந்து உண்மையாகவே செத்துப்போனவற்றிலும் அவை அப்படியே இருக்கின்றன. ஆகவே செத்ததையும் குப்பையில் போடவேண்டாம். சிறு டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்து, மேலே எந்த வகை, அளந்த மின்தடை என்ன, எந்தப் பியோகிராமிலிருந்து எடுத்தது, முன்பு யார் என்ன வேலை செய்தார் என்று எழுதி ஒட்டுங்கள். பிறகு அதை முனை ஒட்டும் பட்டறை ஒன்றுக்கு விலை கேட்காமல் அனுப்பிவிடுங்கள். அவர்களிடம் ஏற்கெனவே நிறைய இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அப்படியானால் பியோகிராம் வைத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுங்கள். தொடுமுனைகள் சரியாகப் பொருந்துகின்றனவா, கை இறங்குகிறதா என்று சோதித்துப் பார்க்கவாவது அவருக்கு ஒன்று வேண்டியிருக்கும்.